ஆறு பேர் கோஸ்தான்

பழைய நேரப்படி காலை ஏழு இருபது. ஆபீஸ் கடிகாரத்தைத் தோக்கியோ நேரத்துக்கு மாற்றியிருந்ததால் அது எட்டு ஐம்பது காட்டியது. ஸ்டோர் கதவு திறந்து கிடந்தது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது ஒரு வெள்ளைக் கையுறை. சிவப்புத் தகட்டின் மேல் அது மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது. விரல் நுனிகளில் மட்டும் தூசி படிந்திருந்தது.

கையுறைக்குள் இருந்தவர் சுங்கை பட்டாணியில் ராணுவ வாகனங்களுக்குப் பொறுப்பான ஜப்பானிய அதிகாரி. தகடு, தோட்டத்தின் வெள்ளைக்காரத் துரை விட்டுப்போன காரின் முகப்பு.

நான் அந்த ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் சின்னக் கிராணி. புக்கிட் செலம்பாவ் போகும் சாலையில் இருந்தது தோட்டம். யுத்தத்துக்கு முன் பினாங்கில் வந்த ஒரு தமிழ் நாளேட்டுக்குத் தோட்டச் செய்தி எழுதி அனுப்பிக்கொண்டிருந்தேன். மணி என்ன, முதலில் பார்த்தது என்ன, யார் என்ன சொன்னார்கள், இந்த மூன்றும் இல்லாத தாளை ஆசிரியர் திருப்பி அனுப்பிவிடுவார். நாளேடு நின்றுபோன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

கார் இத்தாலியில் செய்தது. இரண்டு பேர் மட்டும் உட்காரலாம். எட்டு சிலிண்டர். முகம் நீளம், பின்பக்கம் குட்டை. மற்ற கார்களில் வலது கோடியில் இருக்கும் ஆக்சிலரேட்டர் இதில் நடுவில் இருந்தது; பிரேக் வலது கோடியில். தெரியாதவர் வேகம் கூட்ட நினைத்து மிதித்தால் நின்றுபோகும், நிறுத்த நினைத்து மிதித்தால் பாயும். பினாங்குத் துறைமுகத்தில் மரப்பெட்டியில் வந்து இறங்கியது. பெட்டியின் ஆணிகளைப் பிடுங்கிய ஆட்களில் ஒருவர் ஒரு கார் கம்பெனியில் பிட்டராக, அதாவது மெக்கானிக்காக, வேலை பார்த்த தமிழர். இந்தக் காரை இவரைத் தவிர யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, காரோடு சேர்த்து அவரையும் தோட்டத்துக்குக் கூட்டி வந்தார் துரை. எல்லாரும் அவரைப் பிட்டர் அண்ணன் என்றார்கள். காரைச் 'செவப்பு' என்றார்கள்.

செவப்பின் எஞ்சினுக்கு ஊற்றுவது விளக்கெண்ணெய். பந்தய எஞ்சின்களுக்கு அப்போது அந்த எண்ணெய்தான். தோட்ட ஆஸ்பத்திரியில் பேதிக்குக் கொடுப்பதும் அதுவே என்பதால், கார் வந்துபோன பாதையில் அந்த வாடை அடித்தால் பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடி ஒளிந்துகொள்ளும்.

ஜப்பானியர் வடக்கேயிருந்து இறங்கிய டிசம்பரில் துரை லாரியில் போனார். செவப்பின் எஞ்சின் பிரித்துக் கிடந்தது. இல்லாவிட்டால் அதில் போயிருப்பார். லாரியில் இரண்டு பெட்டி, ஒரு துப்பாக்கி, இரண்டு நாய். பிட்டர் அண்ணனைக் கூப்பிட்டு, "கார் பாத்துக்கோ" என்றார். ஆட்களைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. லாரி வளைவில் திரும்பும்வரை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வந்த காலையில் தோட்டத்தின் கவலை காரைப் பற்றியது அல்ல. சயாமில் ரயில் பாதை போட ஆள் கேட்டிருந்தார்கள். முதல் தடவை போனவர்களிடமிருந்து கடிதம் இல்லை. அடுத்த தடவை போக வேண்டியவர்களின் பட்டியல் என் மேஜை டிராயரில் இருந்தது. எழுதியது நான். எழுதாவிட்டால் வேறு யாராவது எழுதியிருப்பார்கள் என்று அன்று சொல்லிக்கொண்டேன். இன்று அப்படிச் சொல்லிக்கொள்வதில்லை.

அதிகாரிக்குக் காரின் மேல் ஆசை. ராணுவத்துக்காக இல்லை, தனக்காக. அதை மறைக்கவும் இல்லை. அவரோடு வந்த மொழிபெயர்ப்பாளருக்கு ஜப்பான் மொழியும் புத்தகத்தில் படித்த மலாயும் தெரியும். தமிழ் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. அவர் மலாயில் சொன்ன உத்தரவு இதுதான்: காரில் கெட்டிருக்கும் பாகங்களைப் பட்டியல் போட வேண்டும். ஒவ்வொரு பாகத்துக்கும் எதிரே ஓர் ஆளின் பெயர் வேண்டும். அந்தப் பாகம் சரியாகாவிட்டால் அந்த ஆளுக்கு அடி. சரியாகும்வரை அவர் ராணுவ வேலையாள். வேறு எந்த இலாகாவும் அவரைத் தொட முடியாது.

கடைசி வரியைப் பிட்டர் அண்ணன் இரண்டு முறை கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"எழுதிக்குங்க கிராணியாரே. மேக்னெட்டு செத்துப்போச்சு. கார்பரேட்டர் அடைச்சிருக்கு. ரேடியேட்டர் ஒழுகுது. பிரேக்கு புடிக்கல. கியர் பொட்டிய எறக்கிப் பாக்கணும்."

ஐந்து வரி எழுதினேன். மதியம் மரவள்ளிக் கிழங்கு தின்றுகொண்டிருக்கும்போது, "அந்தத் தண்ணிப் பொட்டியப் பத்தவெக்க ஈயம் வேணும், மறந்திறாதீங்க" என்றார். ஆறாவது வரியாகத் தண்ணிப் பெட்டி என்று மலாயில் எழுதினேன். எனக்கு சைக்கிள் தெரியும். கார் தெரியாது.

பாகங்களுக்கு எதிரே போட, என் டிராயரில் இருந்த சயாம் பட்டியலின் முதல் ஆறு பெயர்களை எடுத்தேன். ஆறு பேரும் பால்மரம் வெட்டுபவர்கள். சயாமுக்குக் கேட்ட எண்ணிக்கை இதனால் குறையவில்லை. ஏழாவது பெயரிலிருந்து எண்ணிக்கொண்டார்கள்.

மறுநாள் சிவப்பு முத்திரை குத்திய ஆறு சீட்டு வந்தது. பிட்டர் அண்ணன் எண்ணிப் பார்த்தார்.

"நான் அஞ்சுதானே சொன்னேன்? ஆறு வந்திருக்கு."

"தண்ணிப் பொட்டியும் சொன்னீங்களே அண்ணே."

"தண்ணிப் பொட்டின்னா என்னான்னு நெனச்சீங்க?"

"ரேடியேட்டருக்குத் தண்ணி போற பொட்டி."

"ரேடியேட்டரே அதான் லா!"

பட்டியல் நகலில் ஆறாவது வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிரீஸ் கறை என் சட்டைக் கையில் பட்டது.

"கைய எடுங்க. ஓடுற வண்டிக்கு ஒரு ரேடியேட்டர் போதும். ஓடாத வண்டிக்கு ரெண்டு இருக்கட்டும்."

ஆறாவது வரிக்கு எதிரே இருந்த பெயர், காதில் சிவப்புக்கல் கடுக்கன் போட்டிருந்த ஒருவருடையது. தோட்டத்தில் அவரைக் கடுக்கன் என்றுதான் கூப்பிடுவார்கள். சீட்டை வாங்கிக்கொண்டு, "எனக்கு எந்தப் பொட்டிண்ணே?" என்று கேட்டார்.

"இல்லாத பொட்டி."

"அப்ப வேல சுளுவு."

நான்கு மாதம் செவப்பைப் பழுதுபார்த்தார்கள். நிஜமாகவே பார்த்தார்கள். அதிகாரி ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுப் பார்ப்பார். காரைப் பற்றி அவருக்கு ஓரளவு தெரியும். இத்தாலியிலிருந்து இனி எதுவும் வராது. எஞ்சின் தலைக்கு அடியில் வைக்கும் செம்புத் தகட்டை, துரை பங்களாவின் குளியலறையில் வெந்நீர் போட வைத்திருந்த செம்பு அண்டாவிலிருந்து வெட்டினார் பிட்டர் அண்ணன். இங்கிலீஷ் அளவு ஸ்பேனர்ச் சாவிகள் அந்த நட்டுகளுக்குப் பொருந்தாது. லாரி ஸ்பிரிங் பட்டையைக் காய்ச்சி அடித்து ஏழு சாவி செய்தார். ரேடியேட்டர் குழாய்க்கு மட்டும் பஞ்சமில்லை. விற்க ஆளில்லாத ரப்பர் ஷீட், அதைப் புகைபோட்டு உலர்த்தும் புகைக்கூண்டு நிறையத் தொங்கியது. அதைத் துணியோடு சுற்றிச் சுற்றிக் குழாய் செய்தார்கள். சுடுதண்ணீரில் அது ஊதிப் பலூன் மாதிரி ஆகும். ஆனதும் அடுத்ததைச் சுற்றுவார்கள்.

ஒவ்வொரு ஞாயிறும் அதிகாரி, முடிந்ததா என்று கேட்பார். பிட்டர் அண்ணன், "பெலும், துவான்" என்பார். இன்னும் இல்லை, ஐயா. ஒரு ஞாயிறு, அந்த வார்த்தை வாயிலிருந்து வரும்போதே அறை விழுந்தது. பத்து நாள் கெடு. பத்து நாளில் ஓடாவிட்டால் ஆறு பேரும் சயாமுக்கு. ஓடினால் வேலை முடிந்தது, சீட்டுகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சீட்டு போனால் அவர்கள் பெயர் மறுபடி என் டிராயருக்கு வந்துவிடும்.

ஆறு பேரும் ஸ்டோரில் உட்கார்ந்திருந்தார்கள். பிட்டர் அண்ணனின் உதடு வீங்கியிருந்தது.

"ஓடலன்னாலும் சயாம், ஓடுனாலும் சயாம். அப்புறம் எதுக்கு ராத்திரிபகலா இத நோண்டுறோம்?" என்றார் ஒருவர்.

பிட்டர் அண்ணன் கியர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். "ஓடணும். ஆனா முழுசா ஓடக்கூடாது லா."

அன்றைக்கே கியர் பெட்டியைத் திறந்து ஒரு பல்சக்கரத்தைக் கழற்றினார். அது இல்லாவிட்டால் வண்டி முன்னால் போகும், பின்னால் போகாது. பின்னால் போவதற்கு எங்கள் பக்கத்தில் கோஸ்தான் என்று பெயர். கப்பல்காரர்களிடமிருந்து வந்த சொல் என்பார்கள். லாரிக்காரர்கள் அதைத்தான் சொல்வார்கள். சண்டையில் ஒருவர் பின்வாங்கினாலும், கோஸ்தான் அடித்துவிட்டான் என்று சிரிப்பார்கள்.

கழற்றிய சக்கரத்தை எங்கே ஒளிப்பது என்று பேச்சு வந்தது. கிணறு என்றார் ஒருவர், கூரை என்றார் இன்னொருவர். பிட்டர் அண்ணன் அதைத் துடைத்து, ரேஷன் கிழங்கு நிறுக்கும் தராசின் பக்கத்தில் எடைக்கற்களோடு வைத்தார். கட்டி என்பது எங்கள் பக்கத்து எடை, ஒன்றேகால் ராத்தலுக்குச் சற்று மேல். ஒரு கட்டி எடைக்கல் முன்பே காணாமல் போயிருந்தது. சக்கரம் ஒரு கட்டியைவிடச் சற்றுக் கூடுதல். கிழங்கு வாங்கியவர்கள் யாரும் புகார் சொல்லவில்லை.

கெடு முடியும் நாளில் அதிகாரி வந்தார். தராசைக் கடக்கும்போது அந்தச் சக்கரத்தைக் கையில் எடுத்து, பற்களைக் கட்டைவிரலால் தடவினார். நான் மலாயில், எடை என்றேன். வைத்துவிட்டார்.

செவப்பு முதல் முயற்சியிலேயே கிளம்பியது. விளக்கெண்ணெய் வாடை பரவி, ஆட்கள் குடியிருந்த லயத்துப் பிள்ளைகள் ஓடின. மிதிகளின் வரிசையைப் பிட்டர் அண்ணன் காலால் மிதித்துக் காட்டினார், ஒளிக்கவில்லை. அதிகாரி நன்றாக ஓட்டினார். இதையும் எழுத வேண்டும். செம்மண் பாதையில் ஆற்றோரம் வரை போய் நிறுத்தினார். நாங்கள் லாரியில் பின்னாலேயே போய், கடைசிச் சந்திப்பில் இறங்கி நடந்தோம். அங்கே பாதை முடிகிறது. ஒரு பக்கம் சாக்கடை, மறு பக்கம் மரம். திருப்ப இடமில்லை. கியர் கம்பியைப் பின்னால் தள்ளினார், மறுபடி தள்ளினார். வண்டி அசையவில்லை.

"கோஸ்தான் தடா, துவான்" என்றார் பிட்டர் அண்ணன். கோஸ்தான் இல்லை.

மொழிபெயர்ப்பாளர் படித்த புத்தகத்தில் அந்தச் சொல் இல்லை போலிருக்கிறது. அது என்ன பாகம், எங்கே இருக்கிறது, காட்டு என்றார். பிட்டர் அண்ணன் வாயைத் திறப்பதற்குள் கடுக்கன் முன்னால் வந்தார். கட்டைவிரலைத் தன் நெஞ்சில் வைத்தார்.

"கோஸ்தான், காமி துவான்." நாங்கள்தான் கோஸ்தான்.

பிறகு மற்றவர்களைப் பார்த்து, "என்னடா வேடிக்க? கோஸ்தான வுடுங்கடா!" என்றார்.

ஆறு பேரும் முகப்பில் கை வைத்து, வண்டியைப் பின்னால் தள்ளினார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பு இல்லை. ஒரு சந்திப்புவரை தள்ளித் திருப்பிக் கொடுத்தார்கள். நிஜமாக மூன்று பேர் போதும். அதை யாரும் சொல்லவில்லை. மொழிபெயர்ப்பாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அதிகாரி ஆறு பேரையும் ஒருமுறை எண்ணிவிட்டுத் தலையை ஆட்டினார்.

அடுத்த வாரம் புதிய சீட்டுகள் வந்தன. தொழில் என்ற கட்டத்தில் அவர்கள் எழுத்தில் நான்கு எழுத்து. மொழிபெயர்ப்பாளரைப் படிக்கச் சொன்னேன். கோ, ஸு, தா, ன் என்று விரல் வைத்துப் படித்தார்.

அதற்குப் பிறகு செவப்பு போன இடமெல்லாம் ஆறு பேரும் லாரியில் போனார்கள். மெர்போக் ஆற்றங்கரை, சுங்கை பட்டாணிக் கடைத்தெரு, லூனாஸ் பக்கத் தோட்டங்கள். கடைத்தெருவில் அதிகாரி காரை நிறுத்தினால் ஆறு பேரும் இறங்கி, உத்தரவு கிடைக்குமுன்பே முகப்பில் கை வைத்து நிற்பார்கள். கடைக்காரர்கள் வாசலுக்கு வந்து பார்ப்பார்கள். "என்னாங்கய்யா, ராணுவத்துல சேந்துட்டீங்களா?" என்று கேட்ட ஒரு மளிகைக்காரரிடம் கடுக்கன், "ஆமா மொதலாளி, நாங்க இல்லாம ஜப்பான்காரனால பின்னால போவ முடியாது" என்றார்.

ஒரு சனிக்கிழமை காலை கடுக்கன் கீரை விற்கச் சுங்கை பட்டாணிச் சந்தைக்குத் தனியாகப் போனார். சயாமுக்கு ஆள் பிடிக்கும் சிப்பாய்கள் சந்தையின் இரண்டு முனையையும் லாரி வைத்து அடைத்து, சீட்டு இல்லாதவர்களை ஏற்றினார்கள். கடுக்கனின் சீட்டு வீட்டில் இருந்தது. அவர் மனைவி துவைக்க எடுத்த சட்டையின் பையில். அவர் மாற்றுச் சட்டையில் போயிருந்தார்.

அந்த அம்மாள் பதினொரு மணிக்கு ஆபீசுக்கு வந்தார். சீட்டின் ஒரு மூலை நனைந்திருந்தது, முத்திரை கலையவில்லை.

"இந்தா இருக்கு கிராணி. தண்ணியில முழுசா முக்கறதுக்கு முந்தியே எடுத்துட்டேன். எழுத்து அழியல, பாருங்க."

எனக்கு மேலிருந்த பெரிய கிராணி சைக்கிளில் ஸ்டேஷனுக்குப் போனார். வடக்கே போகும் ரயில் நிற்பதைப் பார்த்தார். கிட்டப் போக விடவில்லை. ராணுவ வாகன ஆபீசில், அதிகாரி அலோர் ஸ்டாருக்குப் போயிருக்கிறார், நாளை வருவார் என்றார்கள்.

ஞாயிறு வந்தார். எப்போதும்போல் செவப்பை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் போனார். லாரியில் ஐந்து பேர், பிட்டர் அண்ணன், நான். கடுக்கனின் மனைவி முன்பே நடந்து போய்ப் பாதை முடியும் இடத்தில் நின்றிருந்தார். அதிகாரி சிகரெட் பிடித்து முடித்து உட்கார்ந்து கையைக் காட்டினார். ஐந்து பேரும் முகப்பில் கை வைத்தார்கள். வண்டி நகரவில்லை. முதுகு வளைந்திருந்தது, கால் ஊன்றியிருந்தது. ஆனால் ஒருவர் கையிலும் நரம்பு புடைக்கவில்லை. நான் நான்கடி தூரத்தில் நின்று பார்த்தேன்.

"ஆறு பேர் இல்லாம கோஸ்தான் வுழாதுன்னு சொல்லுங்க கிராணியாரே" என்றார் பிட்டர் அண்ணன். நான் மலாயில் சொன்னேன். மொழிபெயர்ப்பாளர் சொன்னார்.

அதிகாரி இறங்கினார். ஐந்து பேரையும் வரிசையாக அறைந்தார். பிட்டர் அண்ணனை அறைந்தார். என்னையும். பிறகு கையைக் காட்டினார். ஐந்து பேரும் மறுபடி கை வைத்தார்கள். வண்டி நகரவில்லை. மூன்றாம் முறையும் நகரவில்லை. அப்போது கடுக்கனின் மனைவி முன்னால் வந்து சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இதுல இருக்கறது யாரு முத்திர? ஒங்க முத்திரதானே? அப்ப ஆளக் கொண்டாங்க."

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை. அதிகாரி சீட்டை வாங்கிப் படித்தார், திருப்பிப் பார்த்தார், தன் பைக்குள் வைத்துக்கொண்டார். பிறகு லாரியில் ஏறிச் சுங்கை பட்டாணிக்குப் போனார். செவப்பு வெயிலில் நின்றது. ரப்பர் குழாய் ஊதி வெடித்து, தண்ணீர் செம்மண்ணில் ஓடியது. ஐந்து பேரும் மர நிழலில் உட்கார்ந்தார்கள். ஒருவருக்கு மூக்கில் ரத்தம். ஆற்றுத் தண்ணீரில் துணி நனைத்து வைத்துக்கொண்டார். அந்த அம்மாள் காரின் படியில் உட்கார்ந்திருந்தார்.

மூன்று மணி நேரம் கழித்து லாரி கயிற்றோடு திரும்பியது. ரயில் சனிக்கிழமையே எல்லை தாண்டிவிட்டது என்றார் மொழிபெயர்ப்பாளர். அந்த ஆளைத் திருப்பி அனுப்பக் கேட்டு அதிகாரி எழுதியிருப்பதாகவும் சொன்னார். எழுதியிருக்கலாம். காரைக் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். ஐந்து பேரின் சீட்டையும் அதிகாரி பிடுங்கவில்லை. பிடுங்கினால் வண்டியைத் தள்ள ஆள் இல்லை.

ஆறாவது ஆளாக வேறொருவரைப் போடச் சொல்லி இரண்டு முறை உத்தரவு வந்தது. இரண்டு முறையும் பிட்டர் அண்ணன், "அந்த எடத்துக்கு ஆள் இருக்கு, துவான்" என்று பதில் சொன்னார். இன்னொருவரைக் காப்பாற்றியிருக்கலாமே என்று பின்னாளில் அவரிடம் கேட்டேன். "போட்டா அவன் வரமாட்டான்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி லா" என்றார். அது சரியா என்று எனக்கு இன்றும் தெரியாது.

யுத்தம் முடிந்து ஜப்பானியர் போனார்கள். பல மாதம் கழித்துத் துரை வந்தார். மெலிந்திருந்தார். சிறையில் இருந்ததாகச் சொன்னார்கள். வந்த அன்றே ஸ்டோருக்குப் போய்ச் செவப்பைக் கிளப்பினார். முன்னால் போயிற்று. கம்பியைப் பின்னால் தள்ளினார்.

"கோஸ்தான் ஏன் இல்லே? யார் எடுத்தான்?"

"நான்தாங்க எடுத்தேன்."

"என் கார்லே எதுக்கு எடுத்தே?"

பிட்டர் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே சொன்னார். "தொர போனப்ப அது தேவப்படலீங்களே. திரும்பியே பாக்காமத்தானே போனீங்க."

துரையின் கழுத்து சிவந்தது. பிட்டர் அண்ணன் தராசுக்குப் போய்ச் சக்கரத்தை எடுத்து வந்து துரையின் கையில் வைத்தார். பூட்டச் சொன்னபோது, "அத நான் பூட்ட மாட்டேங்க" என்றார். மாத முடிவில் தன் ஏழு சாவிகளையும் மூட்டை கட்டிக்கொண்டு சுங்கை பட்டாணிக்குப் போய், பஸ் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தார். துரை வேறு ஆளை அழைத்துப் பார்த்தார். அந்தக் கியர் பெட்டியைத் திறக்கும் சாவி அவரிடம் இல்லை.

அடுத்த வருடம் செவப்பைப் பினாங்கில் ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். ஏற்றிப்போக லாரி வந்தது. பலகை போட்டு, காரைப் பின்பக்கமாக ஏற்ற வேண்டியிருந்தது. பெரிய கிராணி கோஸ்தான் ஆட்களைக் கூப்பிட்டார்.

ஐந்து பேர் தள்ளினார்கள்.